முந்நூற்று ஐம்பத்திரண்டாம் கம்பம்

அந்த ஓட்டக் குழுவில் முப்பத்தொரு பேர் இருந்தனர். முப்பது பேரின் மணிக்கட்டில், ஓடிய தூரத்தைச் செயற்கைக்கோளிடம் கேட்டுச் சொல்லும் கடிகாரம் இருந்தது. மீதி ஒருவரின் கழுத்தில் மட்டும், நிறம் மங்கிய ஸ்டாப்வாட்ச் ஒன்று கறுப்புக் கயிற்றில் தொங்கியது. அது நேரத்தைக் காட்டுமே தவிரத் தூரத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ஆகவே அவருக்கு ஸ்டாப்வாட்ச் அக்கா என்று பெயர் வந்தது. அவரைவிட மூத்தவர்கள்கூட அக்கா என்றே அழைத்தார்கள்.

அக்கா ஒரு மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் உள்ள இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தார். இரத்தம் உறையும் நேரத்தைக் கணிக்க அங்கே பயன்பட்டதுதான் அந்த ஸ்டாப்வாட்ச். அந்த வேலைக்கு இயந்திரம் வந்ததும், கழித்துக் கட்டிய பொருள்களுக்கான பெட்டியில் அதைப் போட்டுவிட்டார்கள். துறைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதி, அவர் கையொப்பம் இட்ட பிறகே அக்கா அதை வீட்டுக்கு எடுத்து வந்தார். குப்பைக்குப் போகும் பொருளுக்குக் கடிதமா என்று கூடத்தில் சிரித்தார்கள். அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்தக் கூடத்தில் ஒரு நடைமுறை உண்டு. ஒரு நோயாளியின் முடிவு ஆபத்தான எல்லையைத் தொட்டால் அதை உடனே மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். சொன்னதோடு வேலை முடியாது. பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில், ‘யாரிடம் தெரிவிக்கப்பட்டது’ என்ற தலைப்பின் கீழ், அவர் பெயரையும் நேரத்தையும் எழுத வேண்டும். இருபத்திரண்டு ஆண்டுகளில் அக்கா அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டதில்லை.

ஒருமுறை ஒரு முதியவரின் மகள் சன்னலருகே வந்து, சர்க்கரை அளவைக் கொஞ்சம் குறைத்துப் போட்டுத் தரும்படி கெஞ்சினார். உண்மையான எண்ணைப் பார்த்தால் அப்பா பயந்துவிடுவாராம்.

“அதுல இருக்கிறது உங்க அப்பாவோட ரத்தம்மா. நான் எழுதிட்டா அது குறைஞ்சுடுமா?” என்று கேட்டு அக்கா தாளை நீட்டினார்.

அன்று வீட்டில் இதைச் சொன்னபோது கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். “போயும் போயும் உன்கிட்ட வந்து கேட்டாளே, அவளைச் சொல்லணும்” என்றார். அவர் ஓர் அச்சகத்தில் அச்சு இயந்திரம் ஓட்டுபவர். கலகலப்பான மனிதர். வாரத்தில் ஆறு நாள் மையும் இரைச்சலுமாக இருந்துவிட்டு, ஏழாம் நாள் வீட்டில் இரண்டு பேராக உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்குப் பெரிய ஆசைகள் இல்லை.

அந்த ஏழாம் நாளைத்தான் அக்காவின் ஓட்டம் தின்றுகொண்டிருந்தது. நாற்பதாம் வயதில், மூன்று மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியதால் தொடங்கிய பழக்கம் அது. முதலில் நடை, பிறகு மெல்லோட்டம், பிறகு அரை மராத்தான். இருபத்தொரு கிலோமீட்டரும் ஒரு நூறு மீட்டரும். ஐந்து ஆண்டுகளில் ஐந்து முறை ஓடியிருந்தார். அந்த ஐந்து வரிகளும் கோடு போட்ட ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருந்தன: இரண்டு மணி பதினான்கு நிமிடம், இரண்டு எட்டு, இரண்டு ஐந்து, இரண்டு மூன்று, இரண்டு மணி இரண்டு நிமிடம் ஐம்பது விநாடி. பதிவேட்டில் உள்ளதுபோலவே அதிலும் கடைசியில் ஒரு கட்டம் வைத்திருந்தார். ஐந்து வரிகளிலும் அந்தக் கட்டத்தில் ‘கணவர்’ என்றே எழுதியிருந்தது. ஓடி முடித்ததும் தண்ணீர் குடிப்பதற்கு முன்பே அவருக்குத்தான் தொலைபேசியில் சொல்வார்.

இரண்டு மணி நேரத்துக்குள் ஒருமுறை வந்துவிட வேண்டும். ஒரு விநாடி குறைந்தாலும் போதும். அக்காவின் வேட்கையெல்லாம் அதுதான். நாலரை மணி அலாரத்தைக் கேட்டுக் கேட்டு நொந்துபோன கணவர் ஒருநாள், இதற்கு ஒரு முடிவே இல்லையா என்று கேட்டார். அக்கா நியாயமாக யோசித்து ஓர் உடன்படிக்கைக்கு வந்தார்.

“ரெண்டு மணிக்குள்ள ஒரே ஒரு தடவை. அப்புறம் ஷூவைப் பரண்ல போட்டுடறேன். ஞாயித்துக்கிழமை முழுக்க உங்களுக்குத்தான்.”

“எழுதிக் குடு” என்றார் கணவர். அக்கா உண்மையிலேயே எழுதிக் கொடுத்தார்.

குழு ஆண்டுதோறும் வெளியாரும் சேர்ந்து ஓடும் ஒரு போட்டி நடத்தும். விளையாட்டுத் திடலின் வாயிலில் தொடங்கி, கால்வாய்ச் சாலையோடு நேராகப் போய், பாதித் தூரத்தில் வைத்திருக்கும் செம்மஞ்சள் கூம்பைச் சுற்றித் திரும்பி வர வேண்டும். அந்தச் சாலையின் விளக்குக் கம்பங்கள் முப்பது மீட்டருக்கு ஒன்றாக நடப்பட்டவை. ஒவ்வொன்றிலும் எண் எழுதியிருக்கும். திடலின் வாயிலில் உள்ளது ஒன்றாம் கம்பம். ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் என்று அந்தக் குழுவில் யாரும் பேசமாட்டார்கள். “இன்னிக்கு நூறு கம்பம் போய்ட்டு வந்தேன்” என்பார்கள். அந்தக் கணக்கில் பாதித் தூரம் முந்நூற்று ஐம்பத்திரண்டாம் கம்பம். அங்கே வலப்பக்கத்தில் நீலக் கதவு போட்ட ஒரு பம்பு வீடு இருக்கும். அதைக் கண்டதும் அக்காவுக்குப் பாதிச் சுமை இறங்கியதுபோல் இருக்கும்.

கூம்பு வைக்கும் பொறுப்பு எப்போதும் லைட்டுத் தம்பியுடையது. அவர் தெருவிளக்குப் பிரிவில் வேலை செய்பவர். அந்தக் கம்பங்களில் ஏறி இறங்கியே தேய்ந்தவர். அக்காவின் பயிற்சித் துணையும் அவர்தான். நான்கு ஆண்டுகள், மழை நாள்களைத் தவிர, இருவரும் அருகருகே ஓடியிருக்கிறார்கள். அக்கா தளரும்போது, “என்னக்கா, பெட்ரோல் தீர்ந்துடுச்சா?” என்று சீண்டுவார். அந்தச் சீண்டலுக்கே அக்காவின் கால்கள் எழும்.

ஆறாவது போட்டிக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பிருந்தே, கால்களுக்கு ஓய்வு வேண்டும் என்று குழு திடலின் புல்தரைக்குள்ளேயே மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. கால்வாய்ச் சாலைப் பக்கம் அக்கா போகவில்லை.

போட்டியன்று அக்கா இதுவரை ஓடாதபடி ஓடினார். திரும்பும் இடத்தில் ஸ்டாப்வாட்சைப் பார்த்தபோது ஐம்பத்தெட்டு நிமிடம் ஐம்பது விநாடி. தம் கண்ணையே அவரால் நம்ப முடியவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். முடிவுக் கோட்டைத் தாண்டிப் பொத்தானை அழுத்தியபோது, ஒரு மணி ஐம்பத்தெட்டு நிமிடம் நாற்பத்தேழு விநாடி. நாற்பத்தாறு வயதுப் பெண்மணி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சான்றிதழ்களை அச்சிட்ட அச்சகத்தின் சார்பில் கட்டோடு வந்திருந்த கணவர் ஓடி வந்து தோளைப் பிடித்துக்கொண்டார். ‘21.1 கி.மீ.’ என்று அச்சிட்ட தாளில் அக்காவின் நேரத்தை எழுதி, வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற, குழுவின் தலைவரான மேனேஜர் சார் கையொப்பம் இட்டார்.

அடுத்த புதன்கிழமை திடலில் கேக் வெட்டினார்கள். அக்காவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறை. ரகசியம் என்ன என்று யாரோ கேட்க, அக்கா வெட்கத்தோடு சொன்னார்: “கவனம்தான். வேற எதுவுமே கண்ணுல படலை. அந்தப் பம்பு வீட்டைக்கூட நான் பார்க்கலைன்னா பார்த்துக்கோங்க.”

லைட்டுத் தம்பி குனிந்து கேக்கின் அட்டைப் பெட்டியை மடக்கத் தொடங்கினார். மேனேஜர் சார் பெரிதாகக் கைதட்டினார். எல்லாரும் தட்டினார்கள்.

அக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஷூவைத் துவைத்து, காயவைத்து, பழைய செய்தித்தாளில் சுற்றி, கணவர் ஏணியைப் பிடித்துக்கொள்ளப் பரணில் வைத்தார். சான்றிதழுக்குக் கணவரே கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டினார். எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் அந்த வீட்டில் நிதானமாக விடிந்தன. கணவர் பாட்டுக் கேட்டுக்கொண்டே வெங்காயம் நறுக்கினார். அக்காவுக்குக் கால் பரபரத்தது. ஆனாலும் ஒரு வேலையைச் செவ்வனே முடித்துவிட்ட நிறைவு இருந்தது. அந்த நிறைவுதான் அவரை வீட்டில் உட்காரவைத்தது.

ஒன்பதாம் ஞாயிறு மாலை இருவரும் கால்வாய்ச் சாலையில் காலாற நடந்தார்கள். சிறுபாலத்தை அடைந்ததும் அக்கா நின்றார். அந்தப் பாலத்தை ஒட்டி நிற்பது நூறாம் கம்பம். பயிற்சியில் ஆயிரம் முறை தொட்டுத் திரும்பிய கம்பம். அதில் இப்போது புத்தம் புதிய வெள்ளை எழுத்தில் 107 என்று இருந்தது.

“பெயிண்ட் அடிச்சவன் தப்பா அடிச்சிருப்பான். வா, மழை வர்ற மாதிரி இருக்கு” என்றார் கணவர். அக்கா அண்ணாந்து பார்த்தார். வானத்தில் ஒரு மேகமும் இல்லை.

மறுநாள் வேலை முடிந்ததும் அக்கா வீட்டுக்குப் போகாமல் பேருந்தில் ஏறிப் பம்பு வீட்டருகே இறங்கினார். நீலக் கதவுக்கு எதிரே இருந்த கம்பத்தின் எண் 359. அங்கிருந்து திடலை நோக்கி நடந்தார். ஏழு கம்பங்கள் கடந்ததும் 352 வந்தது. அதன் அடியில், தார்ச்சாலையில், திரும்பும் இடத்துக்காகக் குழுவினர் வரைந்த மஞ்சள் அம்பு இன்னும் அழியாமல் கிடந்தது. கம்பங்கள் நகரவில்லை. எண்கள்தாம் நகர்ந்திருந்தன. திடலுக்கு முன்பே ஏழு கம்பம் தள்ளியிருந்த நாற்சந்தியிலிருந்து யாரோ புதிதாக எண்ணத் தொடங்கியிருக்கிறார்கள். ஏழு கம்பம் இருநூற்றுப் பத்து மீட்டர். போகவும் வரவும் நானூற்று இருபது. தாம் ஓடிய வேகத்துக்கு அந்தத் தூரத்தைக் கடக்க இரண்டரை நிமிடம் ஆகும். சாலையோரத்துக் கல்லில் உட்கார்ந்து, அக்கா கணக்கை இரண்டு முறை சரிபார்த்தார். இரண்டு மணி ஒரு நிமிடம், சில விநாடிகள். அவர் இரண்டு மணிக்குள் வரவே இல்லை.

பம்பு வீடு கண்ணில் படாமல் போனதற்குக் காரணம் கவனம் அன்று.

தெருவிளக்குப் பிரிவின் கிடங்கில், கழற்றிப்போட்ட விளக்குகளுக்கு நடுவே லைட்டுத் தம்பி ஓர் ஏணிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அக்காவைக் கண்டதும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. அக்கா கேட்பதற்கு முன்பே அவர் சொல்லத் தொடங்கிவிட்டார். போட்டிக்கு முந்திய வாரம் புது எண்களை எழுதிய பணியாளர்களில் அவரும் ஒருவர். ஆனால் போட்டியன்று விடியுமுன், நான்கு ஆண்டுப் பழக்கத்தில், கைவிளக்கை அடித்து 352 என்ற எண்ணைப் பார்த்ததும் கூம்பை இறக்கிவிட்டார். முதலில் ஓடி வந்தவரின் கடிகாரம் தூரம் குறைவு என்றது. கடிகாரம் பழுது என்றார்கள். பத்தாவது கடிகாரமும் அதையே சொன்னபோது விஷயம் புரிந்துவிட்டது.

“சரி, தப்பு யாருக்கும் வரும். ஏன் சொல்லலை?” என்று கேட்டார் அக்கா.

“மறுநாளே எல்லாருக்கும் மெசேஜ் போட்டோம்க்கா. அளவுல சின்னத் தப்பு, நேரத்தைக் கணக்குல எடுத்துக்காதீங்கன்னு.”

“எனக்கு வரலையே?”

தம்பி கயிற்றின் முடிச்சை அவிழ்த்தார். மறுபடி கட்டினார். “நூத்து நாப்பது பேருக்குப் போச்சு. உங்க நம்பரை மட்டும் எடுத்துட்டோம். நீங்க தரையில உட்கார்ந்து அழுதீங்களே, அந்த முகத்தைப் பார்த்தப்புறம் யாருக்கும் மனசு வரலைக்கா.”

“என் முகத்தைப் பார்த்துதான் ரிசல்ட் எழுதுவீங்களா தம்பி?”

தம்பி ஏணியைச் சுவரில் சாய்த்தார். பாரத்தை யார் மேலாவது இறக்கிவைக்க விரும்புபவரைப்போல் மெதுவாகச் சொன்னார்: “மாமாதான்க்கா சொல்ல வேண்டாம்னார். அன்னிக்கே அவருக்குத் தெரியும். ஆறு வருஷம் கஷ்டப்பட்டிருக்கா, இந்தச் சந்தோஷத்தைக் கெடுக்காதீங்கன்னு கேட்டுக்கிட்டார். இனிமேலாவது ஞாயித்துக்கிழமை வீட்டுல இருப்பான்னு சிரிச்சார்.”

கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை என்பது சொன்ன பிறகுதான் தம்பிக்கு உறைத்தது. அதற்குள் அக்கா வாசலைத் தாண்டிவிட்டார்.

அன்று மாலை கணவர் வேலையிலிருந்து வந்து கைகளில் இருந்த மையைக் கழுவி முடிக்கும்வரை அக்கா காத்திருந்தார். குரலை உயர்த்தவில்லை. எண்களைச் சொன்னார், ஏழு கம்பம், நானூற்று இருபது மீட்டர். கணவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஈரம் போன பிறகும் துடைத்தார்.

“நீ அப்படிச் சிரிச்சு நான் பார்த்து எத்தனை வருஷம் ஆச்சு? அதைப் போய் எப்படிப் பிடுங்குறது?” என்றார்.

“ஷூவை மேல வெச்சேனே, அன்னிக்கு ஏணியைப் பிடிச்சது யாரு?”

அவர் துண்டை மடித்துக் கொடியில் போட்டார்.

“என் சிரிப்புக்காகத்தான் சொல்லலைன்னு சொன்னா நான் நம்பிடுவேன். ஏணியை எதுக்குப் பிடிச்சீங்க?”

அந்த மனிதர் கெட்டவர் அல்லர். மனைவியின் மகிழ்ச்சியைக் காப்பாற்ற நினைத்ததும் உண்மை. அந்த மகிழ்ச்சியால் தமக்குக் கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளை இழக்க மனமில்லாமல் போனதும் உண்மை. எது எவ்வளவு என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சான்றிதழைக் கழற்றிவிடட்டுமா என்று மட்டும் கேட்டார். மாட்டியவருக்குக் கழற்றவும் தெரியும் என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போனார். அவர் கழற்றவில்லை. அது இன்றும் அந்தச் சுவரில் இருக்கிறது.

சில நாள்கள் கழித்து மேனேஜர் சார் வீடு தேடி வந்து வருத்தம் தெரிவித்தார். அவசரத்தில் எடுத்த முடிவு என்றார். மற்றவர்களுக்குக் கொடுத்ததுபோலவே, திருத்திய நேரத்தைக் கணக்கிட்டு ஒரு கடிதமும் கொண்டு வந்திருந்தார். அக்கா தம் நோட்டை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். விநாடிவரை சரியாக இருந்தது. நன்றி சொல்லித் தண்ணீர் கொடுத்து அனுப்பினார். குழுவுக்கு வருவீர்கள்தானே என்று அவர் கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார். பிறகு போகவில்லை. முப்பது பேரும் தம்மைப் பார்த்துக் கைதட்டிய அந்தப் புதன்கிழமை நினைவுக்கு வரும்போதெல்லாம் அவருக்கு உடல் கூசியது. ஏமாற்றியதைக்கூடப் பொறுத்திருப்பார். உண்மையைத் தாங்கமாட்டாத பச்சைக் குழந்தை என்று முப்பது பேரும் கூடித் தம்மைப் பற்றி முடிவு செய்ததைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை.

பரணிலிருந்து ஷூவை அவரே இறக்கினார். கணவர் ஏணியைப் பிடிக்க எழுந்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

அதன்பின் அக்கா தனியாக ஓடினார். ‘பெட்ரோல் தீர்ந்துடுச்சா’ என்று கேட்க ஆள் இல்லை. பழைய ஒன்றாம் கம்பத்தில் தொடங்கி, பம்பு வீட்டின் நீலக் கதவுக்கு எதிரே திரும்பி, மீண்டும் திடலின் வாயில்வரை. வாரந்தோறும் பயிற்சி, மூன்று வாரத்துக்கு ஒருமுறை முழுத் தூரம். எட்டு வார ஓய்வு கால்களைக் கெடுத்திருந்தது. முதல் முறை இரண்டு மணி ஐந்து நிமிடம் ஆயிற்று. அடுத்தது இரண்டு மூன்று. பிறகு இரண்டு மணி ஒரு நிமிடம். நான்காம் முறை முப்பத்தெட்டு விநாடியில் கை நழுவியது. ஒருநாள் லைட்டுத் தம்பி எதிரே ஓடி வந்தவர், திரும்பிக் கொஞ்ச தூரம் கூடவே வந்தார். அக்கா வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. சிறுபாலத்தருகே அவராகவே பின்தங்கிவிட்டார்.

ஐந்தாம் முறை மென்காற்று முதுகுப் பக்கம் இருந்தது. பம்பு வீட்டை நன்றாகப் பார்த்தார். கதவின் கீழ்மூலையில் நீலம் உரிந்து துரு தெரிவதுவரை பார்த்தார். திரும்பியபோது ஐம்பத்தொன்பது நிமிடம் பத்து விநாடி. அதன்பிறகு காற்று முகத்தில் அறைந்தது. பதினெட்டாம் கிலோமீட்டரில் இடது கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. நின்றால் ஆறு ஆண்டும் நின்றுவிடும் என்று தோன்றியது. ஒவ்வொரு கம்பமாக, அடுத்த கம்பம், அடுத்த கம்பம் என்று கடந்தார். திடலின் வாயிலில் பழைய ஒன்றாம் கம்பத்தைக் கையால் தொட்டுவிட்டுப் பொத்தானை அழுத்தினார்.

ஒரு மணி ஐம்பத்தொன்பது நிமிடம் இருபத்திரண்டு விநாடி.

இந்த முறை அழுகை வரவில்லை. கம்பத்தில் சாய்ந்து நின்றார். கை, பழக்கத்தில், இடுப்புப் பையிலிருந்த தொலைபேசியை எடுத்தது. கணவரின் எண்வரை விரல் போயிற்று. அடுத்துத் தம்பியின் எண் இருந்தது. அதற்கடுத்து மேனேஜர் சார். மூன்று பெயர்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தொலைபேசியை அணைத்துப் பைக்குள் போட்டார்.

வாயிலருகே மிதிவண்டியில் செய்தித்தாள் அடுக்கிக்கொண்டிருந்த ஒருவர், அக்காவின் கழுத்தில் தொங்கியதைப் பார்த்துவிட்டு, “மணி என்னம்மா?” என்று கேட்டார்.

அக்கா ஸ்டாப்வாட்சைத் தூக்கிப் பார்த்தார். “ஒரு மணி அம்பத்தொன்பது நிமிஷம் இருபத்திரண்டு செகண்டு” என்று வாய்விட்டு, தெளிவாகச் சொன்னார்.

அவர் கிழக்கே இளவெயிலைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். “ரிப்பேர்க்குக் குடுங்கம்மா” என்று சொல்லிவிட்டு மிதிவண்டியை மிதித்துப் போனார்.

வீட்டில் கணவர் வெந்நீர் போட்டுவைத்துக் காத்திருந்தார். இப்போதெல்லாம் அவர் அலாரத்துக்கு முன்பே எழுந்துவிடுகிறார். அக்காவின் முகத்தில் எதையோ கண்டு, “ரெண்டு மணிக்குள்ள வந்துட்டியா?” என்று கேட்டார். அவர் குரலில் உண்மையான ஆவல் இருந்தது. அக்கா குனிந்து ஷூவின் முடிச்சை அவிழ்த்தார்.

“தெரிஞ்சா சொல்லணும்ங்கிற வழக்கம் நம்ம வீட்டுல இல்லையே” என்றார்.

கணவர் வெந்நீரை எடுத்துக்கொண்டுபோய்க் குளியலறையில் வைத்தார்.

அந்த நோட்டு இப்போது வீட்டில் இல்லை. பரிசோதனைக் கூடத்தின் மேசை இழுப்பறையில், கையுறைப் பெட்டிக்கு அடியில் இருக்கிறது. மறுநாள் காலை, முதல் நோயாளி வருவதற்கு முன், அக்கா அதை எடுத்துத் தேதி, இடம், தூரம், நேரம் ஆகியவற்றை வரிசையாக எழுதினார். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனா சற்று நின்றது. மேலே வரிவரியாக ஒரே பெயர்தான் இருந்தது. கட்டத்தைக் காலியாக விடும் பழக்கம் அவருக்கு இல்லை. ‘செய்தித்தாள் போடுபவர், காலை 7.30’ என்று எழுதி, மை உலரும்வரை திறந்து வைத்திருந்துவிட்டு நோட்டை மூடினார்.